வரப்பு இலையும் நான்கு மாத்திரைகளும்

என் அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முதலில் என் கல்லூரி ஆய்வைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் கையைத் தடுத்தது.

தஞ்சாவூரை அடுத்த ஒரு பார்மசி கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். எங்கள் ஊர் திருவாரூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் ஓரமாக அரை மணி நேரம் நடந்தால் வரும். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் வேலை செய்தே காலத்தை ஓட்டியவர்கள். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நடவுக்கு இறங்கினாள். நான் படித்த வருடங்கள் அத்தனையும் அவள் சேற்றில் குனிந்து நின்ற வருடங்கள். ஒருநாளும் அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. கல்யாணமாகி அதே ஊரில் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை வருவார்.

என் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது குப்பைமேனி. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் யாரும் நடாமல் முளைக்கிற செடி. சொறி, சிரங்கு, சின்னக் காயம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அதை அரைத்துப் போடுவார்கள். அதிலிருந்து எடுக்கிற சாறு சீழ் பிடிக்க வைக்கும் கிருமியைக் கொல்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சோதனை கடினமானதல்ல. கிருமிக்கு வேண்டிய உணவைக் கூழாகக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைப்போம். அதன்மேல் கிருமியைப் பரப்பி, சின்னக் குழி போட்டு, குழியில் மருந்தை விடுவோம். ஒருநாள் கழித்துப் பார்த்தால் தட்டு முழுக்கப் பாலாடை போலக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெளிவாக இருக்கும். வட்டம் எவ்வளவு பெரிதோ மருந்துக்கு அவ்வளவு வலு.

எனக்கு வேண்டிய இலையெல்லாம் அக்கா பறித்துக் கொடுத்ததுதான். வேலை முடிந்து வரும்போது மடி நிறையக் கொண்டுவருவாள். மண் போக அலசி, வீட்டுக்குள் பழைய அரிசிச் சாக்கை விரித்து, வெயில் படாமல் விசிறிக்காற்றில் உலர்த்துவாள். வெயிலில் காயவைக்கக் கூடாது என்று நான் ஒருமுறைதான் சொன்னேன். நான்கு வருடமும் தவறவில்லை. வாரம் ஒரு மூட்டை காலை பஸ்ஸில் ஏறித் தஞ்சாவூர் வரும். ஒருநாள் போனில் அவளுக்குத் தட்டின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இது என் இலையா என்று கேட்டாள். உன் இலைதான் என்றேன்.

அவளிடம் நான் சொல்லாமல் விட்டவை உண்டு. ஒரு மூட்டை இலையைச் சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்தால் கடைசியில் விரல் நீளச் சீசாவில் கறுப்பாக ஒரு பிசின் மிஞ்சும். தட்டில் வட்டம் போட்டது அந்தப் பிசின். அந்த வட்டமும் சாதாரண மருந்து போடும் வட்டத்தில் பாதிதான்.

கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தபோது ஒரு நாளிதழ் நிருபர் வந்தார். முதல்வர் என்னைப் பேசச் சொன்னார். ஆய்வகத் தட்டில் நம்பிக்கை தரும் முடிவு கிடைத்திருக்கிறது, மனிதர்களுக்குப் பயன்படுமா என்பது இன்னும் தெரியாது என்றுதான் சொன்னேன். பேப்பரில் வந்தபோது இரண்டாவது பாதி இல்லை. வயல்வரப்புச் செடியில் கிருமியை அழிக்கும் மருந்து, கல்லூரிப் பேராசிரியை சாதனை என்று தலைப்பு. பக்கத்தில் என் படம். முதல்வர் அதைப் பெரிதாக்கி பேனர் அடித்துக் கல்லூரி வாசலில் கட்டினார். அக்கா அந்தத் துண்டை வெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டினாள்.

மறுப்பு எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. எழுதவில்லை. எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து பேப்பரில் படம் வந்த முதல் ஆள் நான்.

அதற்கு அடுத்த குறுவையில் நடந்தது இது. நடவு மெஷின் இறங்க முடியாத ஒரு பள்ளக்கட்டு வயலில் அக்காவும் ஏழெட்டுப் பெண்களும் நட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து குடித்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. நாற்று முடியை எடுக்கப் பின்னால் கால் வைத்தபோது இடது பாதத்தில் ஏறிவிட்டது. அக்காவுக்கு ஆறேழு வருடமாகச் சுகர். பாதத்தில் உணர்ச்சி குறைவு. தண்ணீர் சிவந்ததைப் பக்கத்தில் நின்றவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு, வரிசை முடியும்வரை நட்டுவிட்டுத்தான் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து குப்பைமேனியை மஞ்சளும் உப்பும் சேர்த்து அம்மியில் அரைத்துக் காயத்தில் அப்பினாள். ஐந்து நாள் அப்படியே செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களிடம் சுவரைக் காட்டியிருக்கிறாள். ஆறாம் நாள் கால் வீங்கியது. அப்போது ரோட்டோரத்து மெடிக்கலுக்குப் போனாள். கடைக்காரர் காலைப் பார்த்துவிட்டு பதினைந்து மாத்திரை உள்ள ஓர் அட்டையிலிருந்து பத்தை வெட்டிக் கொடுத்தார். காலை ஒன்று, மாலை ஒன்று.

மறுநாள்தான் எனக்குப் போன் செய்தாள். கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் வராந்தாவில் நின்று பேசினேன். காலில் சின்னக் காயம், இலை வைத்தேன், இப்போது மாத்திரை வாங்கியிருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எட்டாவதில் விட்ட ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். தெரிந்த மருந்துதான். அந்த மாதிரிப் புண்ணுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான்.

“சரியான மாத்திரைதான் க்கா. விடாம அஞ்சு நாளும் போடு” என்றேன்.

காலைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. உள்ளே மாணவர்கள் காத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, மேலே துண்டு போட்டிருந்தாள். வீடெல்லாம் முகப்பவுடர் வாசனை. எதற்காக இவ்வளவு பவுடரைக் கொட்டியிருக்கிறாள் என்று துண்டை விலக்கியதும் புரிந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தது. பாதத்திலிருந்து கெண்டைக்கால் வரை தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. கறுப்பின் ஓரத்தில் உலர்ந்த பச்சையாக இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் உடம்பு கொதித்தது. நீ வருவதற்குள் சரியாகிவிடும் என்று பார்த்தேன் என்றாள்.

ஆம்புலன்சுக்குச் சொல்லித் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். காலை அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார். எத்தனை நாள், என்ன போட்டீர்கள் என்று அக்காவிடமே கேட்டார். அக்கா இலையிலிருந்து மாத்திரை வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் குறித்துக்கொண்டே, “வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையாம்மா?” என்றார்.

நான் பக்கத்தில் பைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. “இல்லங்க” என்றாள்.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். நிற்கவில்லை. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். மாமா திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். அவர் அழுதுகொண்டே இருந்ததால் பேப்பரை அக்காவே வாங்கி, பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கால் எங்கே போகும் என்று ஒரு நர்ஸிடம் கேட்டாள். அதற்கென்று வழக்கம் இருக்கிறது என்று நர்ஸ் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் மஞ்சள் பையில் ஆதார் அட்டையோடு அந்த மாத்திரைகளும் இருந்தன. பத்தில் ஆறு போட்டிருந்தாள். நான்கு மிச்சம். அன்று மாலை நான் கல்லூரிக்குப் போய் இரண்டை அரைத்துக் கரைத்துத் தட்டில் விட்டேன். பக்கத்துக் குழியில், ஒப்பிடுவதற்கென்றே நாங்கள் வைத்திருக்கும் தூய மருந்தை அதே அளவில் விட்டேன். மறுநாள் தூய மருந்தைச் சுற்றி வட்டம் பெரிதாக இருந்தது. அக்காவின் மாத்திரையைச் சுற்றி நகத்தின் அகலம்கூட இல்லை. ஒருமுறை வந்ததை நம்பக் கூடாது என்பது நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். மிச்சம் இரண்டையும் போட்டு மறுபடி செய்தேன். அதே முடிவு.

அந்த இரண்டு தட்டையும் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் மட்டுமல்ல, ஒரு நிம்மதியும்தான். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்கிற நிம்மதி. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மருந்துக் கடைகளைச் சோதிக்கும் அரசு மருந்து ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். அவரும் பார்மசி படித்தவர். தட்டின் படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். சோதனையிலேயே முடிந்துவிட்டது என்றேன். அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். வெட்டின துண்டு அது. தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் அச்சடித்த முனை அதில் இல்லை. பில்லும் இல்லை.

“உங்க தட்டு பொய் சொல்லாது மேடம், அது எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா அதைக் கோர்ட்டுல வைக்க முடியாது. நான் போய் எடுக்கணும், சீல் வைக்கணும், அரசு லேப் சொல்லணும். நம்பர் இருக்கிற முனை இப்ப வேற யார் வீட்லயோ கிடக்கு.”

மாதிரி எடுக்கும் முறையை நான் வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறேன். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்பேன். ஒரு மாத்திரையையாவது உறையில் போட்டு ஒட்டி வைக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே கடைக்குப் போனார். அந்த அட்டைகள் விற்றுத் தீர்ந்திருந்தன. புதிதாக வந்திருந்ததை எடுத்து அனுப்பினார். தரம் சரி என்று முடிவு வந்தது. டாக்டர் சீட்டில்லாமல் கொடுத்ததற்குக் கடைக்கு நோட்டீஸ் போனது.

நானும் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். கடைக்காரர் எனக்கு அண்ணன் முறை. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவரிடம்தான் போவார்கள். தகரக்கூரைக் கடை, மேற்குப் பார்த்த வாசல். மத்தியான வெயில் நேராக அலமாரியில் விழுந்தது. கண்ணாடியில் கை வைத்தேன், சுட்டது. வெட்டிய அட்டைத் துண்டுகளை ஒரு மிட்டாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். அக்கா போட்டது இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. அதில் ஒன்று சூடும் ஈரமும் பட்டால் சீக்கிரம் செத்துப்போகும். கம்பெனியிலேயே குறையா, வந்த வழியில் குறையா, இந்த வெயிலில் கெட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவரிடம் தட்டில் கண்டதைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. நல்ல கம்பெனி என்று சொல்லித்தான் தந்தார்கள் என்றார். பிறகு, குத்திக்காட்டுவதாக இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“நீங்களே போன்ல சரின்னு சொன்னீங்கன்னு அக்கா சொல்லுச்சே, டீச்சர்?”

கடையை விட்டு இறங்கி நடந்தேன்.

அன்று நான் நேரே பஸ்ஸுக்குப் போகவில்லை. அக்கா எப்போதும் இலை பறிக்கும் வரப்புக்குப் போனேன். அவள் செய்தபடியே பறித்து, அவள் வீட்டு அம்மியிலேயே மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். அதை மூன்று தட்டில் வைத்தேன். சாராயத்தில் ஊறாத, வடிகட்டாத, மனிதர்கள் காயத்தில் வைக்கும் அதே பச்சை விழுது.

மறுநாள் வட்டம் எதுவும் இல்லை. விழுதைச் சுற்றி மஞ்சளாகவும் சாம்பல் நிறமாகவும் நான் வைக்காத கிருமிகள் குவியல் குவியலாக முளைத்திருந்தன. வரப்பு மண்ணும் வாய்க்கால் தண்ணீரும் இலையோடு தட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. மூன்று தட்டிலும் அப்படியே.

நான்கு வருடம் அந்தச் செடியோடு இருந்தேன். அரைத்த இலையை அரைத்தபடியே ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. என் ஆய்வுத் தலைப்பில் அது இல்லை. ஊரில் அத்தனை பேரும் செய்வது அது ஒன்றைத்தான்.

என் நெறியாளரிடம் காட்டினேன். இது தனி விஷயம், ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம், முடிவைக் குழப்பும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பட்டம் வாங்க வேண்டும் என்றுதான் சொன்னார். சேர்த்தேன். மறுபடி செய், மழைக்காலத்திலும் செய், வேறு ஊர் இலையிலும் செய் என்று கேள்வி வந்து பட்டம் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது.

அக்காவிடம் சொன்னது ஐப்பசியில். வெட்டிய இடம் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே மழை. அவள் கட்டிலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை பற்றியும், இலை பற்றியும், தட்டில் முளைத்தது பற்றியும் எல்லாம் சொன்னேன். முறத்தை மடியில் இறக்கி வைத்தாள்.

“அப்ப எது கெடுத்துச்சு? இலையா, மாத்திரையா?”

“தெரியல க்கா. ரெண்டும் இருக்கலாம். சுகரும் இருக்கு. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா கால் இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.”

“போவாம ஏன் இருந்தேன்னு உனக்குத் தெரியும்ல?”

எனக்குத் தெரியும். சுவரில் அந்தப் பேப்பர் துண்டு அப்போதும் இருந்தது.

“அவங்க தப்பாப் போட்டுட்டாங்க க்கா. நான் அப்படிச் சொல்லல.”

“அதை அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றேன். ஆமாம் என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதேயில்லை. கோபமாக இருந்தால் திட்டியிருப்பாள். திட்டுவதில்லை. நான் போனால் சாப்பாடு போடுகிறாள், கல்லூரி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். ஆய்வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நாளிதழுக்கு நான் எழுதிய மறுப்புக் கடிதத்தை அவர்கள் போடவில்லை. பழைய செய்திக்கு இப்போது எதற்கு மறுப்பு என்று நினைத்திருப்பார்கள். பேனரை எடுத்துவிடுங்கள் என்று முதல்வரிடம் கேட்டேன். வெயிலில் தானே வெளுத்துவிடும் என்றார். ஒரு சனிக்கிழமை காலை வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி நானே கயிற்றை அறுத்து இறக்கினேன். எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நூறுநாள் வேலை நடக்கும் இடங்களுக்கும் மகளிர் குழுக் கூட்டங்களுக்கும் போகிறேன். பிசின், மாத்திரை, பச்சை விழுது என்று மூன்று தட்டின் படங்களைக் கையில் எடுத்துப் போவேன். சுகர் உள்ளவர்கள் காலில் காயம் பட்டால் இலை வைக்காதீர்கள், வெட்டின அட்டையில் மாத்திரை வாங்காதீர்கள், பில் கேளுங்கள் என்று சொல்வேன். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வைக்கிறோம், எங்களுக்கு ஆறியிருக்கிறதே என்பார்கள். ஆறியிருக்கும்தான். ஆறாதவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. திருவாரூர் பக்கம் ஒரு கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் ஓரமாகக் கூப்பிட்டுப் புடவையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். துணிக்கட்டுக்கு அடியில் பச்சையாக விழுது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஆறியது. அடுத்த கூட்டத்தில் அதே ஊரில் வேறொருவர் இறந்த செய்தியைச் சொன்னார்கள். அவருக்கும் புண் காலில்தான். யாரும் கூட்டிப்போகவில்லை.

அக்காவுக்குப் போன வருடம் செயற்கைக் கால் கிடைத்தது. வீட்டுக்குள்ளும் ரோட்டிலும் நடந்து பழகினாள். குறுவை வந்ததும் யாரிடமும் சொல்லாமல் வயலுக்குப் போயிருக்கிறாள். சேற்றில் இறங்கினதும் கால் புதைந்து கழன்றுகொண்டது. நட்டுக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக் கரையேற்றினார்கள். அந்த இழுபறியில் வெட்டிய இடத்தில் உரசி மறுபடி புண்ணானது.

அன்று மாலையே எனக்குப் போன் வந்தது. “புண்ணு வந்திருக்கு. போன்ல எதுவும் சொல்லாத. வந்து பாரு” என்றாள்.

அடுத்த பஸ்ஸில் போனேன். தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து காட்டினேன். கட்டு மாற்ற இரண்டு நாளைக்கு ஒருமுறை அழைத்துப்போனேன். ஆற ஒன்றரை மாதம் ஆனது. ஆறிய பிறகும் அந்தக் காலை அவள் மாட்டுவதில்லை. கட்டிலுக்கு அடியில் உறையோடு வைத்திருக்கிறாள். வீட்டுக்குள் கையை ஊன்றித் தரையில் நகர்ந்துதான் சமைக்கிறாள். வெளியே வருவது குறைந்துவிட்டது.